தொழிலைக் கேட்டறிந்த மருத்துவர் ராமாசினி

மன்னர்க்கும் செல்வர்க்கும் மருத்துவம் செய்து புகழ் பெற்றோர் பலர். ஆனால் கல் உடைப்போரையும் கழிவுக்குழி அள்ளுவோரையும் நாடிச் சென்று, அவர்தம் நோய்களை ஆராய்ந்து, அதனாலேயே அழியாப் புகழ் பெற்றவர் இத்தாலி நாட்டு மருத்துவ மேதை பெர்னார்டினோ ராமாசினி. கல்குவாரிகளும் கிரஷர்களும் மிகுந்த பெரம்பலூர்ப் பகுதியிலும், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் மிகுந்த அரியலூர்ப் பகுதியிலும் வாழும் நாம் இவரை அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

ராமாசினி 1633ஆம் ஆண்டு மொடெனா நகரை அடுத்த கார்பி என்னும் ஊரில் பிறந்தார். பார்மா நகரில் மருத்துவம் பயின்று 1659இல் பட்டம் பெற்றார். ரோம் நகரின் வடபால் உள்ள சிற்றூர்களில் பணியாற்றியபோது மலேரியாவால் பீடிக்கப்பட்டு ஊர் திரும்பினார். 1671இல் மொடெனாவில் குடியேறினார். 1682இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர் ஆனார்.

அவர் வாழ்வில் திருப்பம் விளைவித்தது ஓர் எளிய நிகழ்ச்சி. அவர் இல்லத்துக் கழிவுக்குழியைத் துப்புரவு செய்ய வந்த தொழிலாளி ஒருவன் மிகுந்த பரபரப்புடன் வேலை செய்தான். அவசரத்தின் காரணத்தை ராமாசினி பரிவுடன் வினவினார். குழிக்குள் நெடுநேரம் நின்றால் கண் எரிந்து, நாளடைவில் பார்வையே போய்விடும் என்று அவன் விளக்கினான். அத்தொழில் செய்து பார்வை இழந்தோர் பலரை ராமாசினி பின்னர் நகரில் கண்டார். பட்டறை பட்டறையாகச் சென்று தொழிலாளரின் உடல்நிலையை ஆராயலானார்.

அதன் பயனாக 1700ஆம் ஆண்டு தொழிலாளர் நோய்கள் பற்றிய அவரது இலத்தீன் நூல் வெளிவந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்களின் நோய்களை அது விளக்கியது. நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டியவற்றைப் பண்டைய கிரேக்க மேதை இப்போகிரட்டசு வகுத்திருந்தார். அவற்றுடன் நோயாளியின் தொழில் யாது என்பதையும் கேட்டல் வேண்டும் என்று ராமாசினி சேர்த்துரைத்தார். ஏழையின் குடிலில் மருத்துவர் அவசரப்படாது அமர்ந்து பேச வேண்டும் என்பதும் அவர் அறிவுரை.

கல் தச்சர்களைப் பற்றியும் அந்நூலில் ஒரு பகுதி உண்டு. கல்லைச் செதுக்கும்போது பறக்கும் கூரிய துகள்களை மூச்சில் இழுப்பதால் இருமலும், இளைப்பும், இறுதியில் எலும்புருக்கி நோயும் வருகின்றன என்று அவர் எழுதினார். இறந்தோர் நுரையீரலை அறுத்தபோது மணல் நிறைந்திருந்த செய்தியையும் குறிப்பிட்டார். இந்நோயே 1870இல் சிலிகோசிஸ் எனப் பெயர் பெற்றது.

தூசிகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பண்டைக் கடலில் படிந்து உருவானது. அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு. சிலிகோசிஸ் நோய்க்கு வித்து, கடும்பாறைகளில் கலந்துள்ள குவார்ட்சு. பாறையைத் துளைக்கும்போதும், ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் அரைக்கும்போதும் அதன் நுண்துகள் காற்றில் கலக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கினும் சிறிய துகள்கள் நுரையீரலின் அடி வரை சென்று தங்குகின்றன. அவற்றை விழுங்க வரும் உயிரணுக்கள் மடிகின்றன, அவ்விடம் தழும்பாகிறது. தழும்பு பெருகப் பெருக மூச்சு சுருங்குகிறது. நோய் வெளிப்படப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. தழும்பை மாற்ற மருந்தில்லை. வாயில் கட்டும் துண்டு அந்நுண்துகளைத் தடுக்காது. நீர் தெளித்து அரைத்தலும், எந்திரத்தை மூடித் தூசியை உறிஞ்சுதலும், தகுந்த முகக்கவசம் அணிதலுமே காப்பு.

தமிழகத்திலிருந்து சென்றோர் பெருந்திரளாய் உழைத்த கோலார் தங்கவயலில் 1940களிலேயே இந்நோய் கண்டறியப்பட்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இதனை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் சேர்த்தது. ஆயினும் எக்ஸ்ரே படத்தில் இது காசநோய் போலத் தோன்றக்கூடும். சிலிகா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றவும் செய்யும். ஆகவே தொழிலைக் கேளாதவிடத்து, வெறும் காசநோய் என்றே எழுதப்பட்டுவிடும். நோயாளிக்கு இழப்பீடும் இல்லை. உடன் உழைப்போர்க்கு எச்சரிக்கையும் இல்லை.

1700ஆம் ஆண்டில் ராமாசினி பதுவா பல்கலைக்கழகம் சென்றார். முதுமையில் பார்வை மங்கியும் தளராது, 1713இல் தம் நூலை மேலும் பல தொழில்களைச் சேர்த்து விரிவாக்கி வெளியிட்டார். 1714 நவம்பர் 5ஆம் நாள் பதுவாவில் மறைந்தார்.

கலைக் கல்லூரி மாணவராகிய நாம் மருத்துவராகப் போவதில்லை. எனினும் குவாரியிலோ கிரஷரிலோ உழைத்து இருமும் உறவினரையும் அண்டை வீட்டாரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர்கள் பெரும்பாலும் படித்த பிள்ளைகளாகிய நாமே. மருத்துவர் கேட்க மறந்தாலும், அவர் செய்த தொழிலையும் செய்த ஆண்டுகளையும் நாமே எடுத்துரைப்போம். சீட்டில் எழுதித் தரும்படியும் வேண்டுவோம். ராமாசினிக்கு நாம் செய்யத்தக்க சிறந்த நன்றி அதுவே என்பது என் கருத்து.