கணக்கைக் கையில் கொடுத்த மாண்டிசோரி அம்மையார்



உங்கள் வீட்டுச் சின்னப்பிள்ளை ஒன்று முதல் நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறதா? நல்லது, கைதட்டுங்கள். அடுத்து, ஏழு மிட்டாய் எடுத்து வரச் சொல்லிப் பாருங்கள். சில பிள்ளைகள் சரியாக ஏழு கொண்டுவரும். சில பிள்ளைகளின் வாய் ஏழு என்று சொல்லும்போதே கை ஒன்பதை அள்ளிக்கொண்டு வரும். உடனே பிள்ளை மக்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாய்க்குத் தெரிந்த எண் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அதைக் கைக்குக் கொண்டுவரும் வழியைத் தேடுவதிலேயே அரை நூற்றாண்டைக் கழித்த ஒரு மாதரசியின் வரலாற்றை இம்மலரில் உங்கள் முன் வைக்கிறேன்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி நாட்டில் கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். ஆகஸ்டு 31 என்றதும் உங்களுக்கு நம் சுதந்திர தினம்தானே நினைவுக்கு வருகிறது! ஆகவே பிள்ளைகளே, அம்மையாரின் பிறந்த நாளை நீங்கள் மறக்கவே வழியில்லை. பெற்றோருக்கு அவர் ஒரே மகள். சிறு வயதில் கணக்கில் மிகுந்த நாட்டம். பொறியாளராக வேண்டும் என்று ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு மனம் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. பெண்ணுக்கு எதற்கு டாக்டர் படிப்பு என்று அக்காலத்து ரோமாபுரியும் கேட்டது! பிணத்தை அறுத்துப் படிக்கும் பாடத்தில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து நிற்க அவருக்கு அனுமதியில்லை. எல்லாரும் போன பிறகு தன்னந்தனியாக அந்த அறையில் இருந்து படித்தார். 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் அவரும் ஒருவர்.

டாக்டர் எப்படி வாத்தியார் ஆனார்? அங்கேதான் கதை இருக்கிறது. மனநல விடுதி ஒன்றில், மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கி அடைத்து வைத்திருந்த பிள்ளைகளை அவர் கண்டார். சாப்பாடு முடிந்ததும் அப்பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குமாம். பேராசை பிடித்த பிள்ளைகள் என்று காவல்காரி அலுத்துக்கொண்டாள். அம்மையார் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் எடுத்துத் தொட்டுப் பார்க்க அங்கே ஒரு பொருள்கூட இல்லை! வயிற்றுப் பசியைவிடக் கையின் பசிதான் பெரிது என்று அவருக்குப் பட்டது. இதார், செகான் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்து, தொட்டும் கோத்தும் அடுக்கியும் பழகும் கருவிகளை அப்பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்தார். அவர்களில் சிலர் பொதுப் பள்ளித் தேர்வையே எழுதித் தேறினார்கள். ஊர் வியந்தது. அம்மையாருக்கோ வேறு கவலை. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு தூரம் வந்தால், நல்ல மூளையுள்ள பிள்ளைகளை மற்றப் பள்ளிகள் எதைச் செய்து இப்படி மந்தமாக்கி வைத்திருக்கின்றன என்று யோசித்தார்.

பதில் தேடும் வாய்ப்பு 1907-இல் வந்தது. ரோமில் சான் லோரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. தாய் தகப்பன் விடியலில் வேலைக்குப் போய்விட, பள்ளிக்குப் போகும் வயது வராத சின்னதுகள் சுவரில் கிறுக்கிக்கொண்டும் படிக்கட்டில் உருண்டுகொண்டும் கிடந்தன. கட்டடக்காரர்களுக்குச் சுவர் கெடுகிறதே என்ற கவலை. பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள அம்மையாரை அழைத்தார்கள்.

இதைப் படிக்கும் தோட்டத்து அன்பர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடிப் பால்மரம் சீவப் போன தாய்மார்கள், கைக்குழந்தையையும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளையும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போன காலம் பேராக் தோட்டங்களில் எத்தனை தலைமுறை நடந்தது! இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களும் பல இடங்களில் இல்லை. ஆனாலும் அந்தக் கொட்டகையை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 1907 ஜனவரி 6-ஆம் நாள் அம்மையார் திறந்த குழந்தைகள் இல்லமும் அப்படி ஓர் ஆயாக் கொட்டகைதான். பயிற்சி பெற்ற ஆசிரியைகூட அங்கே கிடையாது.

அங்கே ஒரு நாள். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரப்பலகையில் குடைந்த குழிகளில் பெரிதும் சிறிதுமான உருளைக் கட்டைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாட வைத்தார் அம்மையார், அவள் திரும்பவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார்; கட்டைகளை மடியில் அணைத்துக்கொண்டு தொடர்ந்து செய்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்து, பிறகு தானாகவே நிறுத்தி, தூங்கி எழுந்தவள்போல் தெளிவாகச் சிரித்தாளாம். பிள்ளைகளுக்குக் கவனம் நிற்பதில்லை என்று நாம் புலம்புகிறோமே, அவர்கள் கையில் நாம் எதைக் கொடுத்தோம்?

இனி, கணக்குக் கருவிகளுக்கு வருவோம். சிவப்பும் நீலமும் மாறி மாறித் தீட்டிய பத்துக் கோல்கள். சின்னது 10 சென்டிமீட்டர், பெரியது 1 மீட்டர். ஒன்றைவிட இரண்டு எவ்வளவு நீளம் என்பதைப் பிள்ளை தூக்கிப் பார்த்தே அறியும். மணல்தாளில் வெட்டி ஒட்டிய எண்களை விரலால் தடவும். எழுதுமுன்னே விரலுக்கு வடிவம் தெரிந்துவிடும். அப்புறம் மணிகள். ஒரு மணி ஒன்று. கம்பியில் கோத்த பத்து மணி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கட்டி ஆயிரம். ஒற்றை மணியை ஒரு கையிலும் ஆயிரத்தை மறு கையிலும் ஏந்தும் பிள்ளைக்கு இட மதிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது குச்சிப் பெட்டி. 0 முதல் 9 வரை எண் எழுதிய அறைகள்; மொத்தம் 45 குச்சிகள். 1 என்ற அறையில் ஒன்று, 2-இல் இரண்டு என்று பிள்ளை போட்டுக்கொண்டே போக வேண்டும். நடுவில் எங்கேயாவது தப்பாக எண்ணினால் கடைசியில் குச்சி மிஞ்சும், அல்லது பற்றாது. யாரும் அதட்டவில்லை, பிரம்பு எடுக்கவில்லை. பெட்டியே தவற்றைக் காட்டிக் கொடுக்கிறது! பூஜ்யத்தின் அறை மட்டும் காலியாகவே இருக்கும். ஒன்றுமில்லை என்பதைக் கண்ணால் பார்க்கிறது பிள்ளை.

பெற்றோர்களே, இதற்குப் பெருங்காசு வேண்டாம். பழைய பால் மங்கு பத்தும் 45 ஐஸ்கிரீம் குச்சியும் போதும். (ரப்பர் கொட்டையும் எண்ணுவதற்கு வாகானதுதான். ஆனால் அது நஞ்சு. வாயில் வைக்கும் குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம்.) அதே குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தில் கட்டுங்கள். 32-இல் 15 போகட்டும். மூன்று கட்டும் இரண்டு குச்சியும் இருக்கின்றன. ஐந்து குச்சி எடுக்க முடியவில்லை. ஒரு கட்டை அவிழ்த்தால் பன்னிரண்டு குச்சி! பக்கத்து வீட்டில் கடன் வாங்குவது என்று நாம் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். கடனை எப்போது திருப்பிக் கொடுப்போம் என்று கேட்டு அடி வாங்கிய பிள்ளைகளும் உண்டு. உண்மையில் அது கடனே இல்லை, நம் கட்டையே நாம் அவிழ்க்கிறோம்.

அம்மையாரின் புகழ் உலகெங்கும் பரவியது. முசோலினியின் அரசு முதலில் ஆதரித்தது. பிறகு பகை மூண்டு 1934-இல் இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினுக்குப் போனார், 1936-இல் அங்கும் உள்நாட்டுப் போர். பின் ஹாலந்தில் தங்கினார். 1939-ஆம் ஆண்டின் இறுதியில், 69-ஆம் வயதில், ருக்மிணி தேவி அருண்டேல் தம்பதியரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். பிரம்மஞான சபைத் தோட்டத்தில் ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 ஆசிரியர்களுக்கு முதல் பயிற்சி நடந்தது. அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார்.

யார் இந்த மரியோ? அம்மையாரின் ஒரே பிள்ளை. 1898-இல் திருமணம் ஆகாத நிலையில் பிறந்ததால், ஊருக்கு அஞ்சி, நாட்டுப்புறத்தில் வேறு குடும்பத்திடம் வளர விடப்பட்டவர். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வழி தேடிய தாய்க்குச் சொந்தப் பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ள முடியவில்லை! பதினைந்து வயதளவில் அவர் தாயிடம் வந்து சேர்ந்தார். அப்போதும் உறவுக்காரப் பையன் என்றே வெளியே சொல்லிவந்தார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தது. அம்மையார் அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாதென்றது. ஆகஸ்டு 31 வந்தது. எழுபதாம் பிறந்த நாள். அரசப் பிரதிநிதி ஒரு தந்தி அனுப்பினார். பிறந்த நாள் பரிசாக அவர் மகனை விடுவித்து அனுப்புவதாகச் செய்தி. மகன் என்ற சொல் அன்றுதான் அரசாங்கத்தின் வாயாலேயே வெளிப்படையாக வந்தது.

1942 முதல் 1944 வரை தாயும் மகனும் கொடைக்கானல் மலையில் இருந்தார்கள். நம் தோட்டத்து மக்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன கொடிய காலமும் அதுவே. கொடைக்கானலில் இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன உடனிருந்து உதவ, பல வயதுப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்து வைத்து, பெரிய பிள்ளைகளுக்கான கணக்கு, இயற்கைப் பாடங்களையெல்லாம் அம்மையார் உருவாக்கினார். இலை, பூ, பூச்சி எல்லாம் பாடப்பொருள் ஆயின. 1946-இல் ஐரோப்பா திரும்பியவர், மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பயிற்சி தந்தார்.

இன்று அவர் பெயரை எவரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம்; அந்தப் பெயர் ஒருவர் சொத்தன்று. ஆகையால் பெயரைப் பார்த்துப் பணம் கட்டும் முன், உள்ளே போய்ப் பிள்ளைகளின் கைகளைப் பாருங்கள்.

அம்மையார் 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்தில் கடலோர ஊரான நோர்ட்வைக்கில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். தாய் விட்ட பணியை, முகாமிலிருந்து பிறந்த நாள் பரிசாக வந்த அந்த மகன், 1982-இல் தாம் இறக்கும்வரை நடத்தி வந்தார்.