பாட்டனார் வழி வந்த பிணி: ஆறாம் ஹென்றி மன்னரின் வாழ்க்கை

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது நம் முன்னோர் வழக்கு. தாயைக் கடந்து, தாயைப் பெற்ற தந்தையின் சாயல் பேரனிடம் தோன்றுவதையும் நாம் கண்டிருக்கிறோம். முகமும் குரலும் அவ்வாறு வருமாயின் மனத்தின் நோயும் வருமா? இவ்வினாவை எழுப்புகின்ற வரலாற்று மாந்தருள் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஹென்றி முதன்மையானவர். ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்கள் இவரை ஷேக்ஸ்பியரின் மூன்று நாடகங்களின் வாயிலாக அறிவர். நாடகத்தினும் துயரமானது அவரது உண்மை வாழ்க்கை.

1421 டிசம்பர் 6 ஆம் நாள் விண்ட்சர் கோட்டையில் ஹென்றி பிறந்தார். தந்தை ஐந்தாம் ஹென்றி, அஜின்கோர்ட் போர்க்களத்தில் பிரெஞ்சுப் பெரும்படையை வென்ற மாவீரர். தாய் கேத்தரின், பிரான்சு மன்னர் ஆறாம் சார்லஸின் மகள். 1420 இல் டிராய் நகரில் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி, சார்லஸுக்குப் பின் பிரான்சின் அரியணையும் இம்மரபுக்கே உரியதாயிற்று. 1422 ஆகஸ்டில் தந்தை இறந்தார். அக்டோபரில் பாட்டனாரும் இறந்தார். ஓராண்டு நிறையாத குழந்தையின் தலையில் இரு நாடுகளின் முடிகள் ஏறின. உடன்படிக்கையில் எழுதப்படாத சொத்து ஒன்றும் உடன் வந்திருக்கலாம்.

அந்தப் பாட்டனாரின் கதை பிரான்சு அறிந்த கதை. 1392 ஆகஸ்டு மாதம், லெ மான் நகருக்கு அருகே காட்டு வழியில் படையுடன் சென்றுகொண்டிருந்தார் சார்லஸ். ஏவலன் ஒருவன் கைதவறி விட்ட ஈட்டி இன்னொருவன் தலைக்கவசத்தில் மோதி ஓசை எழுப்பிற்று. அவ்வளவுதான்! மன்னர் வாளை உருவித் தம் வீரர்களையே வெட்டிச் சாய்த்தார். அதன்பின் முப்பது ஆண்டுகள் தெளிவும் பித்தும் மாறி மாறி வந்தன. மனைவியை யாரென்று கேட்டார். தம் பெயரை மறந்தார். தம் உடல் கண்ணாடியால் ஆனது, தொட்டால் உடைந்துவிடும் என்று அஞ்சினார். அவருடைய தாயார் ஜோன் அரசியும் 1373 இல் சில காலம் சித்தம் கலங்கியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பேரனோ சாதுவானவர். போரை வெறுத்தார், வழிபாட்டிலும் கல்வியிலும் ஈடுபாடு கொண்டார். 1440 இல் ஈட்டன் கல்விக்கூடத்தையும் 1441 இல் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியையும் நிறுவினார். ஐந்நூற்று எண்பது ஆண்டுகளைக் கடந்தும் அவை நிற்கின்றன. ஆயின் அவர் ஆண்ட நாடு நிற்கவில்லை. 1450 இல் நார்மண்டி பறிபோயிற்று. 1453 ஜூலையில் காஸ்டில்லான் போரில் ஆங்கிலப் படை அழிந்தது. அடுத்த மாதம் கிளாரண்டன் என்னும் இடத்தில் தங்கியிருந்த மன்னர் திடீரெனப் பேச்சும் அசைவும் உணர்வும் அற்றுப் போனார். பாட்டனாரின் பித்து வாளேந்தி வந்தது. பேரனின் பித்து மௌனமாக வந்தது.

அக்டோபரில் அவருடைய ஒரே மகன் எட்வர்டு பிறந்தான். குழந்தையை அரசியே ஏந்திவந்து காட்டினாள். தந்தை வெறுமையாகத் தரையை நோக்கியிருந்தார். நாட்டின் பெரியோர் விண்ட்சருக்குச் சென்று எவ்வளவோ வேண்டியும் ஒரு சொல் பெறவில்லை. குருதியை வடித்தும், குளியல், கொப்புளிப்பு, பேதி மருந்துகள் கொடுத்தும் மருத்துவர்கள் முயன்றனர். 1454 கிறிஸ்துமஸ் வேளையில் மன்னர் தாமாகவே தெளிந்தார். மகனின் பெயரைக் கேட்டறிந்து, இருகை உயர்த்தி இறைவனுக்கு நன்றி கூறினார். கடந்த மாதங்களில் நிகழ்ந்தவை எதுவும் அவர் நினைவில் இல்லை.

இது மனச்சிதைவு நோயா, கடும் மனச்சோர்வா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். ஆயினும் மரபியல் ஒன்றைத் தெளிவாக்கியுள்ளது. பேரனின் மரபணுக்களில் ஏறத்தாழக் கால்பங்கு பாட்டனாரிடமிருந்து வருவது. மனச்சிதைவு நோய் பொதுமக்களில் நூற்றுக்கு ஒருவரை அணுகும். தாய் தந்தையருள் ஒருவருக்கு இருப்பின் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேரை அணுகலாம். எஞ்சிய தொண்ணூறு பேர் நலமாயிருப்பர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரே கருவில் உருவான இரட்டையருள் ஒருவருக்கு நோய் வந்தும் மற்றவர் தப்புவது பாதிக்குக் குறையாது. காரணம், இந்நோயைத் தரும் ஒற்றை மரபணு என்று ஒன்றில்லை. 2022 இல் வெளிவந்த பேராய்வு மரபணுத் தொகுதியில் 287 இடங்களைச் சுட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. வருவது நோயன்று, நோய்க்கு இடந்தரும் தன்மை. அதனைத் தூண்ட ஒரு காஸ்டில்லான் வேண்டியிருக்கிறது.

திருமணப் பேச்சின்போது அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குச் சித்தம் சரியில்லையாமே என்று தாழ்ந்த குரலில் கேட்டு எழுந்து வந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வாறு எழுந்து வந்தோருடன் சிறு வயதில் நானும் எழுந்து வந்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் சிற்றப்பாவுக்குத்தான் நோய். அவளுக்கு ஒன்றும் நேரவில்லை என்பதைப் பல்லாண்டுகளுக்குப் பிறகு அறிந்தேன்.

தெளிந்த மன்னர் பழைய மன்னராக இல்லை. மணிமுடிக்காக இரு குலங்கள் மோதிய ரோஜாப் போர்கள் மூண்டன. 1461 இல் முடி பறிபோயிற்று. 1465 இல் பிடிபட்டு லண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டார். 1470 இல் சில மாதங்கள் மீண்டும் அரியணை ஏற்றப்பட்டார். 1471 மே 4 ஆம் நாள் பதினேழு வயது மகன் டியூக்ஸ்பரியில் மாண்டான். அம்மாதம் 21 ஆம் நாள் இரவில் தந்தையும் கோபுரத்தில் உயிர்நீத்தார். அது கொலையே என்பது பெரும்பாலோர் முடிபு.

கேத்தரின் கைம்பெண்ணான பின் ஓவன் டியூடர் என்பவரை மணந்திருந்தாள். அவ்வழிப் பேரன் ஏழாம் ஹென்றி 1485 இல் அரசரானார். பித்தேறிய சார்லஸின் குருதி இவர் உடலிலும் ஓடிற்று. இருபத்து நான்கு ஆண்டுகள் ஆண்ட இவர் ஒருநாளும் சித்தம் கலங்கவில்லை. அரண்மனைக் கணக்கேடுகளைத் தாமே சரிபார்த்துக் கையொப்பமிட்டு வந்தார்.