மனக்காயத்திற்கு வழி காட்டிய கோவாக் குருவானவர்



உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ நடுச்சாமத்தில் திடுக்கிட்டு எழும்புகிற ஒருவர் இருக்கக்கூடும். 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தது; அவருடைய உள்ளத்தில் வெடிச்சத்தம் ஓயவில்லை. பெருநாளுக்குக் கொளுத்தும் சீனவெடிக்கும் நடுங்குவார். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களோ என அஞ்சி வீட்டாரும் மறைத்து வைப்பர். அத்தகைய வீடுகளை மனதிற்கொண்டே, ஒரு குருவானவரின் சரிதையை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

ஒல்லாந்தர் காலத்தில், 1687இல், யாழ்ப்பாணம் வந்து நம் முன்னோரின் விசுவாசத்தைக் காத்த புனித யோசேப் வாஸ் அடிகளாரை நீங்கள் அறிவீர்கள். அவர் பிறந்த கோவா நாட்டிலே, கண்டோலிம் ஊரில், 1756இல் பிறந்தவர் யோசே குஸ்தோதியோ தே பாரியா. பெற்றோரிடையே ஒற்றுமை நிலைக்கவில்லை. திருச்சபையின் அனுமதியுடன் பிரிந்து, தந்தை குருவானார்; தாய் கன்னியர் மடம் புகுந்தார். 1771இல் தந்தையும் மகனும் லிஸ்பனுக்குக் கப்பலேறினர். மகன் ரோமாபுரியில் வேதசாஸ்திரம் கற்று, 1780இல் குருப்பட்டம் பெற்றார்.

அவரைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். லிஸ்பனில் அரச குடும்பத்தின் முன்னே பிரசங்க மேடை ஏறியவர், பயத்தினால் வாயடைத்து நின்றாராம். கீழே இருந்த தந்தை, இவர்களெல்லாம் வெறும் மரக்கறி, வெட்டித் தள்ளு என்று கொங்கணியில் மெல்லச் சொன்னாராம். அக்கணமே பயம் பறந்தது. ஒரு சொல் மனிதனுடைய மனத்தை இப்படி மாற்றுமானால் அதன் காரணம் என்ன என்ற கேள்வி அவரை விடவில்லையாம்.

1787இல் கோவாவில் போர்த்துக்கேயருக்கு எதிரான சதி ஒன்று வெளிப்பட, அவர்மீதும் சந்தேகம் விழுந்தது. மறு ஆண்டு பரிஸ் சென்றார். அங்கே மெஸ்மர் என்ற வைத்தியரின் கொள்கை பரவியிருந்தது. வைத்தியரின் உடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத காந்த சக்தி பாய்ந்து நோயைத் தீர்க்கிறது என்பதே அது. அப்படியொரு சக்தி இல்லையென்று அரசர் அமைத்த விசாரணைக் குழு 1784இலேயே கண்டிருந்தும், மக்கள் நம்பிக்கை குறையவில்லை.

பாரியா அடிகள் 1813இல் பரிஸில் செய்முறை விளக்கங்களை ஆரம்பித்தார். வந்தவரை நாற்காலியில் அமர்த்தி, கண்களை மூடித் தூக்கத்தையே நினைக்கச் செய்வார். பின் உறங்கும்படி கட்டளையிடுவார். பலர் அறிதுயிலில் ஆழ்ந்தனர். ஆயினும் தம்மிடம் எந்த அற்புத சக்தியும் இல்லையென்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். உறங்குபவரின் சொந்த மனமும், அவருடைய நம்பிக்கையும், இசைவுமே காரணம் என்பது அவர் கண்ட உண்மை.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. இது பேயின் வேலை என்றனர் சிலர். நடிகன் ஒருவன் உறங்குவதாகப் பாசாங்கு செய்து அவரை ஏளனப்படுத்தினான். நாடக மேடையிலும் சிரித்தார்கள். வறுமையுற்று, கன்னியருக்கு ஞான ஊழியம் செய்துகொண்டே தம் நூலை எழுதினார். அந்நூல் வெளிவந்த 1819ஆம் ஆண்டிலேயே, செப்டெம்பர் 20இல் மரித்தார். அவருடைய கல்லறை எதுவென்று அடையாளம் இல்லை. பிற்காலத்தில் பிரான்சின் நான்சி நகர வைத்தியர்கள் அவர் சொன்னதே சரியென்று கண்டனர். 1945இல் கோவாவின் பஞ்சிம் நகரில் அவருக்குச் சிலை எழும்பியது.

முதலாம் உலகப் போரில் குண்டதிர்ச்சியால் பேச்சிழந்த, நடை இழந்த வீரர் சிலரை வைத்தியர்கள் அறிதுயிலைக் கொண்டு தேற்றினர். தேர்ந்த வைத்தியர் மருத்துவ நோக்குடன், தக்க கவனத்தோடு இம்முறையைக் கையாளலாம் என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதரும் 1957இல் போதித்தார். நம் யாழ்ப்பாணத்திலும், மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போரினால் மனம் புண்பட்டோருக்கு மூச்சைச் சீராக்கவும், உடலைத் தளர்த்தவும், அவரவர் சமயத்தின் புனித வார்த்தையைத் திரும்பத் திரும்ப உச்சரிக்கவும் கற்பித்தார். நமக்கு அது சேசுவின் திருநாமமாகவோ செபமாலையாகவோ அமையும்.

ஆகையால் வாசகரே, உங்கள் வீட்டில் துன்புறுகிறவரை மறைத்து வைக்காதீர்கள். மந்திரவாதியிடமும் கொண்டு போகாதீர்கள். தன்னிடமே சக்தி இருக்கிறது என்று சொல்லிப் பணம் கேட்பவனைக் கண்டால், அதை மறுத்த பாரியா அடிகளை நினையுங்கள். கால் முறிந்தால் வைத்தியரிடம் போவதில் வெட்கமில்லை. மனம் முறிந்தாலும் அப்படியே. முதலில் அவருடைய கதையைப் பொறுமையோடு கேளுங்கள். பின்பு கற்றறிந்த வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். இரவில் அவர் அருகே அமர்ந்து செபமாலையை மெதுவாகச் சொல்லுங்கள். சுகப்படும் வல்லமையை ஆண்டவர் அவருக்குள்ளேயே வைத்திருக்கிறார். அதைத் தட்டி எழுப்ப உங்கள் அன்பான சொல்லும் வேண்டியிருக்கிறது.