காஞ்சி நகராட்சியின் எழுத்தர்

1909 செப்டம்பர் 15இல் காஞ்சியில், எளிய நெசவாளர் குடும்பத்திலே பிறந்தார் அண்ணா. வறுமை வாட்டியது, படிப்பை நிறுத்திக் காஞ்சி நகராட்சியில் எழுத்தராக அமர்ந்தார். ஆறு மாதம்தான். ஆயினும் குழாயும் சாக்கடையும் தெருவிளக்கும் முடிவாகும் இடத்தை உள்ளிருந்தே கண்டார்.

பின்னர் பச்சையப்பன் கல்லூரி, எம்.ஏ. பட்டம். 1949இல் கழகம் கண்டார். 1959இல் கழகம் சென்னை மாநகராட்சியின் 100 இடங்களில் 45 வென்று மேயர் பதவியையும் பெற்றது. கோட்டைக்குப் போகும் பாதை தெருவிலே தொடங்கியது! 1962இல் காஞ்சியிலேயே தோற்றார், துவளவில்லை. 1967இல் முதலமைச்சரானார். 1969 பிப்ரவரி 3இல் மறைந்தார்.

அவர் எழுத்தராயிருந்த நகராட்சி இன்று 51 வார்டுகள் கொண்ட மாநகராட்சி. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, குடிமக்களே அமர்ந்து குறை கூறவும் யோசனை சொல்லவும் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. சபை கூடவேண்டிய நாட்களில் ஒன்று, அதே செப்டம்பர் 15.

சிலைக்கு மாலையிட்டதோடு கடமை தீர்ந்ததா? தறியை நிறுத்தினால் ஒரு மணி நேரக் கூலி போகும், மெய்தான். நாம் போகாவிட்டாலோ, நமது நாற்காலியில் காண்டிராக்டரின் ஆள் அமர்வான். தோழர்களே, சபைக்குச் செல்வோம்!