தவளைக்குள் இருந்த கை: ஜிம் ஹென்சன் கதையும் முடியாத மப்பெட்ஸ் சண்டையும்

வாட்ஸ்அப் குரூப்ல யாராவது யாரையாவது நைஸா கலாய்ச்சுட்டு, கூடவே ஒரு பச்சைத் தவளை பொம்மை டீ குடிக்கிற மீமைத் தட்டிவிடுவாங்க, பார்த்திருப்பீங்க. அந்தத் தவளையின் பெயர் கெர்மிட். பிறந்த வருஷம் 1955. நமக்கு அது வெறும் மீம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மூன்று தலைமுறைக்கு அது கூடவே வளர்ந்த வீட்டுப் பிள்ளை.

கெர்மிட்டும் அதன் கூட்டாளிகளும் சேர்ந்த 'மப்பெட்ஸ்' பொம்மைகளை வைத்து தியேட்டருக்கு வந்த படங்கள் மொத்தம் 8. முதல் 3 படங்கள் வந்தபோது அவற்றை உருவாக்கிய ஜிம் ஹென்சன் உயிரோடு இருந்தார். அடுத்த 5 படங்கள் வந்தபோது அவர் இல்லை. ரசிகர்களின் சண்டை முழுக்க இந்த ரெண்டுக்கும் நடுவுலதான். ஒரு கோஷ்டிக்கு, 1990-க்கு அப்புறம் வந்த எதுவுமே மப்பெட்ஸ் படம் கிடையாது. இன்னொரு கோஷ்டி, 1992-ல் வந்த கிறிஸ்துமஸ் படம்தான் எட்டிலேயே பெஸ்ட் என்று அடித்துச் சொல்லும். 2011-ல் வந்த படத்தைப் பார்த்து கண் கலங்கினவங்க உண்டு. கெர்மிட் குரலே சரியில்லைன்னு தியேட்டர்லயே நெளிஞ்சவங்களும் உண்டு.

யார் எந்தப் பக்கம் நின்றாலும் விவாதம் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து முட்டும். ஜிம் இருந்திருந்தா இதை ஒத்துக்கிட்டிருப்பாரா?

பதில் வேணும்னா அந்த மனுஷனோட வாழ்க்கையை ஒரு ரவுண்டு பார்த்துட்டு வரணும்.

அம்மாவின் பழைய கோட்டு

ஜிம் பிறந்தது 1936 செப்டம்பர் 24, மிசிசிப்பி மாநிலத்தில். அப்பா அரசு விவசாயத் துறையில் ஆராய்ச்சியாளர். லீலண்ட் என்ற சின்ன ஊர், வீட்டருகே ஓடை. சிறுவயது அப்படிக் கழிந்தது. 1940-களின் கடைசியில் அப்பாவின் வேலைக்காக குடும்பம் தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில், மேரிலாண்டுக்குக் குடிபோனது. தையல், ஓவியம் என்று கைவேலை தெரிந்த பாட்டி ஒருவர் இருந்தார். பேரனுக்குக் கைவேலையில் ஆசை வந்தது அவரால்தான்.

ஆனால் ஜிம்முக்குப் பைத்தியம் பொம்மை மேல கிடையாது, டிவி மேல. வீட்டில் டிவி வாங்கச் சொல்லி அப்பா அம்மாவை நச்சரித்து எடுத்தவர் அவர். 1954-ல் உள்ளூர் சேனல் ஒன்று பொம்மலாட்டம் தெரிந்த இளைஞர்களைத் தேடியது. டிவி நிலையத்துக்குள் நுழைய அதுதான் வழி என்று தெரிந்ததும் லைப்ரரிக்குப் போய் புத்தகம் எடுத்துப் படித்து, பொம்மை செய்துகொண்டு போய் நின்றார்.

அடுத்து கல்லூரி. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பொம்மை வகுப்பு மனையியல் துறையில் இருந்தது. அந்த வகுப்பில்தான் ஜேன் நெபல் என்ற மாணவியைச் சந்தித்தார். படிக்கும்போதே, 1955-ல், இருவரும் சேர்ந்து 'சாம் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்ற 5 நிமிட டிவி நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். அதற்காக அம்மா தூக்கிப்போட்ட பழைய கோட்டை வெட்டித் தைத்து, ஒரு பிங்பாங் பந்தை ரெண்டாகப் பிளந்து கண்ணாக ஒட்டினார் ஜிம். அதுதான் கெர்மிட். அப்போது அது தவளைகூட இல்லை, பல்லி மாதிரி ஏதோ ஒரு ஜந்து. தவளையாக ஆனதெல்லாம் பிற்பாடு.

1959-ல் ஜேனைக் கல்யாணம் செய்துகொண்டார். 1960-ல் கிடைத்த பட்டம் மனையியலில்! விளம்பரங்களில் பொம்மையை ஆட்டிச் சம்பாதித்த காசில் அதற்குள் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் கார் வேற வாங்கியிருந்தார்.

ஒரு பொம்மை, ரெண்டு ஆள்

அன்றைய டிவி பொம்மலாட்டத்தில் பெரும்பாலும் ஒரு குட்டி மேடை இருக்கும். பொம்மை அதன் விளிம்பில் எட்டிப் பார்க்கும். ஜிம் அந்த மேடையைத் தூக்கிவிட்டார். டிவி திரையே மேடைதானே, அப்புறம் எதுக்கு இன்னொண்ணு? பொம்மையாட்டிகள் கேமரா ஃபிரேமுக்குக் கீழே கையைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். திரையில் என்ன தெரிகிறது என்பதை எதிரே இருக்கும் மானிட்டரில் பார்த்துக்கொண்டே நடிப்பார்கள். மரத்துக்குப் பதில் துணி, ஸ்பாஞ்சு. அதனால் விரலை லேசாக அசைத்தாலே பொம்மையின் முகபாவம் மாறும். கெர்மிட் ஒண்ணும் சொல்லாம முகத்தைச் சுருக்கும் பாருங்க, அது அப்படியே ஜிம்மின் உள்ளங்கை மடங்குவதுதான்.

1963-ல் அவரிடம் ஒரு 19 வயசுப் பையன் வந்து சேர்ந்தார். பெயர் ஃப்ராங்க் ஓஸ். பெற்றோரும் பொம்மலாட்டக்காரர்கள். ஆனால் குரல் கொடுக்க ஃப்ராங்குக்கு ஒரே கூச்சம். அதனால் முதலில் கை வேலை மட்டும். அந்தக் காலகட்டத்தில் ரௌல்ஃப் என்ற நாய் பொம்மை நாடு முழுக்கத் தெரிந்த ஒரு டிவி நிகழ்ச்சியில் வாரா வாரம் வந்தது. ரௌல்ஃபின் தலையும் குரலும் இடது கையும் ஜிம். வலது கை ஃப்ராங்க். ரெண்டு பேரும் ஒட்டி நின்றுகொண்டு ஒரே நாயாக மாற வேண்டும்.

இந்தக் கூட்டணி அடுத்த 25 வருஷத்துக்கு மேல் நீடித்தது. 1969-ல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' குழந்தைகள் நிகழ்ச்சியில் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வாழும் எர்னி, பெர்ட் ஜோடியில் எர்னி ஜிம், பெர்ட் ஃப்ராங்க். கெர்மிட் ஜிம் என்றால், கெர்மிட்டைத் துரத்தித் துரத்திக் காதலிக்கும் மிஸ் பிக்கி ஃப்ராங்க். கெர்மிட்டை நம்பி மொக்கை ஜோக் சொல்லும் ஃபோஸி கரடியும் ஃப்ராங்க். ஸ்வீடன் சமையல்காரர் பொம்மை இன்னும் கொடுமை. தலையும் குரலும் ஜிம், ரெண்டு கையும் ஃப்ராங்க். கை எந்தப் பாத்திரத்தைத் தூக்கி எறியப்போகிறது என்று தலைக்கே தெரியாது. அந்தத் திணறல்தான் காமெடி.

இதை இங்கே கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

வேண்டாம் என்ற அமெரிக்கா

பொம்மைகளை வைத்துப் பெரியவர்களும் பார்க்கிற மாதிரி ஒரு நிகழ்ச்சி செய்ய வேண்டும் என்பது ஜிம்மின் ஆசை. அமெரிக்க சேனல்கள் கையை விரித்தன. பொம்மைன்னா குழந்தைங்க சமாச்சாரம்னு அவங்க முடிவு. கடைசியில் வாய்ப்பு கொடுத்தவர் இங்கிலாந்துத் தயாரிப்பாளர் லூ கிரேட். லண்டன் அருகே எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் 1976 முதல் 1981 வரை 'தி மப்பெட் ஷோ' 120 எபிசோடுகள் எடுக்கப்பட்டு, 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஓடியது.

அந்த வெற்றியில் வந்ததுதான் முதல் படம், 1979-ன் 'தி மப்பெட் மூவி'. ஆரம்பக் காட்சியில் கெர்மிட் சதுப்புக் குளத்தில் ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்து பாஞ்சோ வாசித்துப் பாடும். அதை எடுக்க, தண்ணீருக்குள் இறக்கிய ஓர் இரும்புப் பெட்டிக்குள் ஆறடி மனுஷன் ஜிம் மடங்கிச் சுருண்டு உட்கார்ந்து, ஒரு கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நடித்தார். அதே படத்தில் கெர்மிட் சைக்கிள் ஓட்டியபோது தியேட்டரே வாயைப் பிளந்தது. சுமார் 80 லட்சம் டாலரில் எடுத்த படம், அமெரிக்காவில் மட்டும் 6 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

ரசிகர்கள் அடிக்கடி மறந்துபோகிற ஒரு விஷயம்: அந்த முதல் 3 படங்களில் ஜிம் இயக்கியது 1981-ல் வந்த ரெண்டாவது படத்தை மட்டும்தான். முதல் படம் ஜேம்ஸ் ஃப்ராலி. 1984-ல் வந்த மூன்றாவது படம் ஃப்ராங்க் ஓஸ்.

தவளையைத் தாண்டிப் போக நினைத்தவர்

அப்போ ஜிம் என்ன பண்ணிட்டிருந்தார்? வேற உலகத்தைத் தேடிட்டிருந்தார். 1982-ல் ஃப்ராங்க்கோடு சேர்ந்து 'தி டார்க் கிரிஸ்டல்' எடுத்தார். திரையில் ஒரு மனித முகம்கூடக் கிடையாது. கெர்மிட் மாதிரி ஜாலியாக எதிர்பார்த்துப் போனவர்கள் இருட்டும் பயமுமாக இருந்த படத்தைப் பார்த்துக் குழம்பிப் போனார்கள். 1986-ல் பாடகர் டேவிட் போவியை வைத்து 'லேபரிந்த்'. செலவு சுமார் 2.5 கோடி டாலர். அமெரிக்க வசூல் அதில் பாதியை ஒட்டித்தான் வந்தது. ஜிம் நொறுங்கிப்போனார். இன்று அந்த ரெண்டு படத்துக்கும் வெறித்தனமான ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. வேலை வேலை என்று ஓடியதில் ஜேனும் அவரும் அதே 1986-ல் பிரிந்தார்கள். 5 பிள்ளைகளுக்கும் தன் மரணத்துக்குப் பிறகு பிரித்துப் படிக்கச் சொல்லி கடிதம் எழுதி வைத்ததும் அந்த வருஷம்தான். தன் இறுதிச் சடங்கில் அழுகாச்சி வேண்டாம், யாரும் கறுப்பு உடை உடுத்த வேண்டாம் என்று கேட்டிருந்தார். அப்போது அவருக்கு 49 வயசு.

1989-ல் இன்னொரு பெரிய முடிவு. கம்பெனி நிர்வாகம், கணக்கு வழக்கு எல்லாத்தையும் டிஸ்னியிடம் கொடுத்துவிட்டு, தான் படைப்பு வேலையை மட்டும் பார்ப்பது என்று முடிவெடுத்தார். கெர்மிட்டை டிஸ்னிக்குக் கொடுக்க முதலில் ஆசைப்பட்டவர் சாட்சாத் ஜிம் ஹென்சன்தான்!

மே 1990

1990 மே மாதத் தொடக்கத்தில் ஒரு டிவி நிகழ்ச்சியில் கலந்துகொண்டபோதே ஜிம்முக்குத் தொண்டை சரியில்லை. சாதாரண சளி என்று விட்டுவிட்டார். சில நாளில் உடம்பு படுத்தியது. அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மே 15 விடிகாலை நியூயார்க் மருத்துவமனையில் சேர்த்தபோது பாக்டீரியா தொற்று உடம்பு முழுக்கப் பரவியிருந்தது. மறுநாள், மே 16 அதிகாலை, இறந்துபோனார். வயது 53.

நியூயார்க்கின் பெரிய தேவாலயத்தில் நடந்த அஞ்சலியில் அவர் ஆசைப்படியே யாரும் துக்க உடையில் வரவில்லை. ஜாஸ் இசைக்குழு வாசித்தது. வந்தவர்கள் கையில் குச்சியில் ஆடும் வண்ணத்துப்பூச்சி பொம்மைகள். 'செசமி ஸ்ட்ரீட்'டின் பெரிய மஞ்சள் பறவை நடுவில் தனியாக நின்று, கெர்மிட்டின் பாட்டைப் பாடியது.

கையெழுத்தாகாமல் இருந்த டிஸ்னி ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முறிந்துபோனது. பின்னர் பிள்ளைகள் கம்பெனியை ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்கு விற்று, திரும்ப வாங்கி, 2004-ல் கெர்மிட் கூட்டத்தை டிஸ்னியிடமே ஒப்படைத்தார்கள். அப்பா நினைத்த இடத்துக்கு 15 வருஷம் சுற்றிப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த 5 படங்கள்

இப்போ சண்டைக்கு வருவோம். ஜிம்முக்குப் பிறகு கெர்மிட்டைக் கையில் மாட்டியவர், 1978 முதல் அவரிடம் வேலை பார்த்த ஸ்டீவ் விட்மயர். 1992-ல் வந்த 'தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்' படத்தை இயக்கியவர் ஜிம்மின் மகன் பிரையன். அதில் கெர்மிட்டும் மிஸ் பிக்கியும் ஏழைத் தம்பதி. அவர்களின் குட்டி மகன் இறந்துவிட்டதாக, வரப்போகும் காலத்தைக் காட்டும் ஒரு காட்சி உண்டு. கெர்மிட் வீட்டுக்கு வந்து துக்கத்தில் இருக்கும் குடும்பத்தைத் தேற்றும். அப்பாவை இழந்து ரெண்டு வருஷம் ஆன மகன் கேமராவுக்குப் பின்னால். அந்த அப்பாவின் தவளை வேறொருவர் கையில். பக்கத்தில் பிக்கியாக, பழைய நண்பர் ஃப்ராங்க். இதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்தக் காட்சியைப் பாருங்க, தொண்டை அடைக்கும்.

1996-ல் வந்த கடற்கொள்ளையர் படத்துக்குப் பெரிய எதிர்ப்பு இல்லை. 1999 படத்தில் கோன்ஸோவை வேற்றுக்கிரகவாசி ஆக்கியது இன்றுவரை பஞ்சாயத்து. அது என்ன ஜந்துன்னே தெரியாம இருந்ததுதானே அழகு என்பது ரசிகர்களின் கோபம். 2011 படத்தை எழுதி நடித்த ஜேசன் சீகல் சின்ன வயசிலிருந்தே மப்பெட்ஸ் வெறியர். பாட்டுக்கு ஆஸ்கரும் கிடைத்தது. ஆனால் ஃப்ராங்க் ஓஸ் அதில் சேரவில்லை. கதையில் பொம்மைகளின் குணம் மாறிவிட்டது என்று வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். 2014-ல் வந்த அடுத்த படத்தின் வசூல் முந்தையதில் பாதியாகச் சுருங்கியது. 2017-ல் கெர்மிட் மறுபடியும் கை மாறியது. இப்போது மேட் வோகல்.

சரி, ஜிம் ஒத்துக்கிட்டிருப்பாரா?

இவ்வளவும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது, இந்தக் கேள்வியே ஜிம்முக்குப் பொருந்தாது. 3 படத்தில் ரெண்டை மற்றவர்களை இயக்கவிட்டவர், கெர்மிட்டையே விற்கத் தயாரானவர், இன்னும் 10 மப்பெட்ஸ் படம் வந்தாலும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். பக்கத்து ஸ்டூடியோவில் வேறு ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்திருப்பார்.

அப்போ ரசிகர்களுக்கு உறுத்துறது பொய்யா? பொய் இல்லை. அவங்க தேடுறது கேமராவுக்குக் கீழே தோளோடு தோள் ஒட்டி நின்ற ரெண்டு நண்பர்களை. கெர்மிட்டும் பிக்கியும் சண்டை போட்டதும், எர்னி பெர்ட்டைக் கடுப்பேற்றியதும், ஜிம்மும் ஃப்ராங்க்கும் ஒருத்தரை ஒருத்தர் சீண்டிச் சிரிக்கவைத்ததுதான். குரலை இன்னொருவர் கற்றுக்கொள்ளலாம். கையையும் பழக்கிக்கொள்ளலாம். கால் நூற்றாண்டு நட்பைக் கற்றுக்கொடுக்க முடியாது. 1992 படத்தில் அந்த ஜோடியில் பாதியாவது இருந்தது. இன்னொரு பாதி இல்லை என்பதைப் படம் மறைக்கவும் இல்லை.

அடுத்த தடவை அந்தப் படத்தைப் பார்த்தால் பார்ட்டி காட்சியைக் கவனியுங்கள். கூட்டத்தில் ரௌல்ஃப் உட்கார்ந்து பியானோ வாசித்துக்கொண்டிருக்கும். ஜிம் தலையாகவும் ஃப்ராங்க் வலது கையாகவும் இருந்து ஆட்டிய அதே நாய். ஜிம்மோட குணம் அதிகம் உள்ள பொம்மை அதுதான் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

படம் முடியும் வரை அது ஒரு வார்த்தைகூடப் பேசாது.