செத்த மொழிக்கு உயிர் கொடுத்தவர்

ஒரே வேதம், ஒரே எழுத்து. ஆனால் உச்சரிப்பு மட்டும் நாட்டுக்கு நாடு வேறு! ஹீப்ரு மொழி வெகுகாலம் இப்படித்தான் இருந்தது.

ஓய்வு நாளை போலந்து, ரஷ்ய யூதர்கள் 'ஷாபஸ்' என்பார்கள். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு, துருக்கியிலும் வட ஆப்பிரிக்காவிலும் குடியேறியவர்கள் 'ஷபாத்' என்பார்கள். ஏமன் நாட்டு யூதர்களோ அடித்தொண்டையில் எழும் பழைய ஒலிகளை விடாமல் காத்து வந்தார்கள்.

ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் தொழுகையிலும் ஏட்டிலும் மட்டுமே வாழ்ந்த மொழி அது. அந்தந்த நாட்டுப் பேச்சின் சாயல் அதில் படிந்துவிட்டது.

அதை மீண்டும் வீட்டுப் பேச்சாக்கப் பாடுபட்டவர் எலியேசர் பென் யெஹூதா.

அல்ஜியர்ஸில் கேட்ட ஒலி

இன்றைய பெலாரஸ் நாட்டிலுள்ள லுஷ்கி என்ற ஊரில் 1858-ல் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். வேத பாடசாலையில் அவர் கற்றது ரஷ்ய யூதர்களின் உச்சரிப்பே.

1878-ல் மருத்துவம் படிக்கப் பாரிஸ் சென்றார். காசநோய் பற்றிக்கொண்டது. உடல் தேற அல்ஜியர்ஸ் போனார். அங்கிருந்த யூதர்களோடு உரையாட ஹீப்ருவே கைகொடுத்தது. அவர்களுடைய உச்சரிப்பு அவர் மனத்தைக் கவர்ந்தது. தாம் பிறந்த சமூகத்தின் ஒலியை விட்டு, அதையே ஏற்றார்.

தாலாட்டுக்கும் தடை

1881-ல் மனைவி டெபோராவுடன் ஜெருசலம் வந்தார். மறு ஆண்டு மகன் பிறந்தான். அவன் காதில் ஹீப்ருவைத் தவிர வேறு மொழி விழக்கூடாது என்றார். மழலை பேசும் வயதிலும் பிள்ளை வாய் திறக்கவில்லை. ஒருநாள் தாய் தன்னை மறந்து ரஷ்யத் தாலாட்டுப் பாடினாள். கணவர் கொதித்துப்போனார். இதை அந்த மகனே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

புனித மொழியைக் கடைத்தெருவுக்கு இழுக்கிறார் என்று வைதிகர்கள் அவரை விலக்கி வைத்தார்கள். சிறைவாசமும் வந்தது. 1891-ல் டெபோராவும் காசநோயால் இறந்தார். ஆனாலும் அவர் தளரவில்லை. 'அகராதி' என்பதற்கே ஹீப்ருவில் தனிச்சொல் இல்லாதிருக்க, 'மில்லோன்' என்று புதுச்சொல் படைத்து, அகராதியும் தொகுத்தார்.

பாதி வெற்றி

ஸ்பெயின் வழி உச்சரிப்பைப் பள்ளிகள் ஏற்றன. ஆனால் அவர் விரும்பிய தொண்டை ஒலிகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் நாவில் ஏறவில்லை. இன்றைய இஸ்ரேலில் பெரும்பாலோர் பேசுவது இரண்டும் கலந்த ஒலியே.

1922 நவம்பரில் பிரிட்டிஷ் ஆட்சி பாலஸ்தீனத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றாக ஹீப்ருவை ஏற்றது. டிசம்பர் 16-ல் பென் யெஹூதா கண்மூடினார். அவர் தொடங்கிய அகராதி 1959-ல்தான் முற்றுப்பெற்றது. மொத்தம் 17 தொகுதிகள்!