கடலடிக் குழாயை அடைக்கும் 'பனிக்கட்டி': ஃபாரடேயின் கண்ணைப் பதம் பார்த்த சோதனை

மைக்கேல் ஃபாரடே என்றதும் பள்ளிக்கூட ஃபிசிக்ஸ் புத்தகம்தான் ஞாபகத்துக்கு வரும். காந்தம், கம்பிச்சுருள், மின்சாரம். ஆனால் அந்த 1831 கண்டுபிடிப்புக்கு எட்டு வருஷம் முன்பே, ஆழ்கடல் எரிவாயு நிறுவனங்களை இன்றும் பாடாய்ப்படுத்தும் ஒரு பொருளோடு அவர் மல்லுக்கட்டியிருக்கிறார்.

அதன் பெயர் வாயு ஹைட்ரேட். பார்த்தால் பனிக்கட்டி மாதிரியே இருக்கும். தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டு கட்ட, உள்ளே வாயு மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

1791-ல் ஒரு கொல்லருக்கு மகனாகப் பிறந்த ஃபாரடே, 14 வயதில் லண்டனில் புத்தக பைண்டிங் கடையில் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்கள்தான் அவருக்குக் கல்லூரி. 1812-ல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, எடுத்த குறிப்புகளை பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பினார். மறு வருஷம் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வேலை கிடைத்தது. ரெஸ்யூமே என்றால் அது ரெஸ்யூமே!

எண்ணெய் போல ஒரு திரவம்

குளிரில் குளோரினிலிருந்து உருவாகும் படிகங்களை திடக் குளோரின் என்றே அப்போது நம்பினார்கள். ஈரமில்லாத குளோரின் அப்படி உறையாது, தண்ணீர் சேர்ந்தால்தான் படிகம் வரும் என்று 1810-ல் காட்டியவர் டேவி.

1823 குளிர்காலத்தில் ஃபாரடே அதே படிகங்களைக் கையிலெடுத்து, அதில் தண்ணீர் எவ்வளவு, குளோரின் எவ்வளவு என்று அளந்தார். மூடிய கண்ணாடிக் குழாயில் வைத்துச் சூடாக்கிப் பார்க்கச் சொன்னது டேவி. சூடாக்கியதும் அடியில் எண்ணெய் போல ஒரு திரவம் தங்கியது. பார்க்க வந்த நண்பர், குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று கிண்டலடித்தார். மறுநாள் காலை அவருக்கு ஃபாரடேயிடமிருந்து சீட்டு வந்தது: அந்த 'எண்ணெய்', திரவக் குளோரின்.

இந்தச் சோதனைகளில் குழாய்கள் வெடித்து, கண்ணாடித் துண்டுகள் அவர் கண்ணில் பாய்ந்தன. அதைவிட வலித்தது வேறொன்றாக இருந்திருக்கலாம். ஃபாரடேயின் கட்டுரையோடு, யோசனை தன்னுடையது என்ற தொனியில் டேவி ஒரு குறிப்பைச் சேர்த்தார். 1824-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராக ஃபாரடே தேர்வானபோது, அதன் தலைவராக இருந்த டேவி எதிர்த்தார். உங்களை வேலைக்கு எடுத்த பாஸே ப்ரமோஷனைத் தடுப்பது போலத்தான். அப்படியும் டேவியைப் பற்றி ஃபாரடே கடைசிவரை மரியாதையோடுதான் பேசினார்.

பரப்புதான் முக்கியம்

1830-களில் ஃபாரடே இன்னொன்றைக் கவனித்தார். சுத்தமான பிளாட்டினம் தகட்டின் மேல் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சாதாரண வெப்பநிலையிலேயே சேரும். பரப்பு அழுக்கானால் சேராது. சில வாயுக்கள் கொஞ்சம் கலந்தாலும் வேலை கெடும். 1850-ல், இரண்டு பனிக்கட்டிகள் ஒட்டிக்கொள்ளக் காரணம் அவற்றின் மேல் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் என்றார்.

ஹைட்ரேட்டிலும் இதே கதைதான். வாயுவும் தண்ணீரும் தொடும் பரப்பில்தான் அது முதலில் உருவாகிறது. ஏடு கட்டியதும் இரண்டையும் அதுவே பிரித்துவிடுவதால் வளர்ச்சி மந்தமாகிறது. ஷாம்புவில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட்டைத் துளி கலந்தால், ஏடு நுண்துளைகளோடு பாத்திரச் சுவரில் ஏறி, மளமளவென்று வளரும். வாயுவைச் சேமிக்க நினைப்பவர்களுக்கு இது லாபம்.

குழாய் வைத்திருப்பவர்களுக்கோ தலைவலி. எரிவாயுக் குழாய்களை அடைப்பது வெறும் பனி இல்லை, ஹைட்ரேட் என்று 1934-ல் ஹாமர்ஷ்மிட் காட்டினார். அதனால் மெத்தனால், கிளைக்கால் ஊற்றுகிறார்கள். ஆனால் அது நிறைய தேவைப்படும். குறைந்த அளவிலேயே வேலை செய்யும் பாலிமர்களும் உண்டு. அவை படிகத்தின் பரப்பில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தாமதப்படுத்தும். 2010-ல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவை மூட இறக்கிய இரும்புக் கூண்டு பயனற்றுப் போனதும் உள்ளே ஹைட்ரேட் அடைத்துக்கொண்டதால்தான்.

நம்ம ஊர் கணக்கும் இருக்கிறது. 2006-ல் இந்தியாவின் தேசியத் திட்டம் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் துளையிட்டபோது, கடலடியில் மீத்தேன் ஹைட்ரேட் படிவங்கள் கிடைத்தன.

சர் பட்டத்தை வேண்டாம் என்ற ஃபாரடே 1867-ல் இறந்தார். லண்டன் ஹைகேட் கல்லறையில் எளிமையாகப் புதைக்கப்பட்டார். அவர் அளந்த குளோரின் படிகத்துக்குள் கூண்டு இருப்பதை லைனஸ் பாலிங்கும் ரிச்சர்ட் மார்ஷும் வெளியிட்டது 1952-ல்தான்.